காப்பகத்துல போட்டது போட்டதுதான்

நீங்க கையை வைக்காதீங்கக்கா, அப்படியே உட்காருங்க. நகத்துக்குள்ள ஏறிக்கிட்டா நாள் பூரா ஊறவச்ச மொச்சை வாசம்தான் அடிக்கும். கல்யாண வீட்டுக்குப் போறவங்க நீங்க. எனக்கு இது பழக்கம். ரெண்டு விரலால ஒரு பிதுக்கு, பருப்பு இந்தப் பக்கம், தொலி அந்தப் பக்கம். மத்தியானம் உங்களுக்கு இதைத்தான் குழம்பு வைக்கப் போறேன். வேண்டாம்னு சொல்லக் கூடாது. கோயம்புத்தூர்லருந்து சங்கரன்கோவில் போறவங்க, வழியில கோவில்பட்டியில இறங்கி, ஆட்டோக்காரர்கிட்ட விலாசத்தைக் காட்டி, இம்புட்டூண்டு வீட்டைத் தேடி வந்திருக்கீங்க. சாப்பிடாம அனுப்பிருவேனா?

ஆனா வந்த சோலி என்னன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி முழிக்க மாட்டேன். இன்டர்நெட்டுல பொம்பளைங்களுக்குன்னு கதம்பச்சரம் மன்றத்தை நடத்துற வசுமதி அக்கா, போன்ல எழுத்தாத் தவிர பார்த்தே இராத செண்பகவல்லியைத் தேடி எதுக்கு வரணும்? அந்தத் தலைப்பை அழிக்கச் சொல்லத்தானே?

அழிக்க மாட்டேன்க்கா.

அப்பாடா, சொல்லிட்டேன். காலையில நீங்க வர்றேன்னு சொன்னதுலருந்து இந்த ரெண்டு வார்த்தையைத்தான் நெஞ்சுக்குள்ள உருப்போட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு நேர்ல பேச வராது. ஏழாவதோட நின்னவ. ஜவுளிக்கடையில எனக்குப் பிடிக்காத சேலையை எடுத்து விரிச்சாலும் தலையாட்டி வாங்கிட்டு வந்துருவேன். வேண்டாம்னு சொல்ல வாய் வராது. மன்றத்துக்குள்ளன்னா அது வேற. அங்க என் பேரு சாரல். "தோழிகளே, பேச்சு தடம் மாறுகிறது. இந்தத் தலைப்பு இத்துடன் பூட்டப்படுகிறது" அப்படின்னு ஒரு வரி போட்டேன்னா, அமெரிக்காவுல இருக்கிற டாக்டரம்மாகூட கப்சிப். அந்த வரியை எழுதுறது யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா? அடுப்புல சோறு கொதிக்க, இடுப்புல பிள்ளை தொங்க, ஒத்தைப் பெருவிரலால தட்டுறவ நான்னு தெரியுமா?

மெதுவாத்தான்க்கா பேசுறேன். அத்தை முன்னறையில பாப்பாவைத் தொட்டில்ல ஆட்டிக்கிட்டு இருக்காங்க. கேட்டாக் கேக்கட்டும்.

நான் மன்றத்துக்குள்ள வந்ததே பாப்பாவாலதான். மடியில பால் குடிச்சுக்கிட்டே தூங்கிரும். எந்திரிச்சா முழிச்சுக்கும். ஒரு கை சும்மா கெடக்கும். அந்த ஒரு கையாலதான் உள்ளே வந்தேன். பிள்ளை பெத்தவ என்ன சாப்பிடலாம்னு ஒருத்தி கேட்டிருப்பா. பத்துப் பேர் பதில் சொல்லியிருப்பாங்க. கொஞ்ச நாள்ல இன்னொருத்தி வந்து புதுசா அதையே கேப்பா. பழைய பதிலெல்லாம் எங்கயோ அடியில கெடக்கும். எனக்குப் பொறுக்கல. உங்களுக்கு எழுதினேன், ஞாபகம் இருக்கா? "அக்கா இதெல்லாம் ஒரே கேள்விதான், ஒரே பானையில கொட்டி வச்சா என்ன?" நீங்க என்னைப் பொறுப்பாளராவே ஆக்கி, பானையைக் கேட்டவகிட்ட அடுப்பங்கரைச் சாவியையே தூக்கிக் குடுத்துட்டீங்க.

அன்னையிலருந்து நான் என்ன குறை வச்சேன் சொல்லுங்க. இடம் மாறிப் போட்ட தலைப்பைச் சரியான பகுதிக்கு நகர்த்துறது நான். அரட்டைத் தலைப்பு நூறு பதில் தாண்டுச்சுன்னா பக்கம் திறக்க மாட்டேங்குதுன்னு, அதைப் பூட்டிட்டு அடுத்த பாகம் திறந்து விடுறது நான். சண்டை வந்தா பூட்டு, மறுநாள் கோபம் ஆறினதும் திறப்பு. பேசி முடிஞ்சு ஓய்ஞ்சு போனதையெல்லாம் காப்பகத்துல கொண்டுபோய் வைக்கிறது நான். காப்பகத்துக்குப் போயிட்டா எல்லாரும் வாசிக்கலாம், யாரும் எழுத முடியாது. எழுதினவங்களே வந்து நின்னாலும் ஒரு புள்ளியை மாத்த முடியாது. அந்த விதியை வச்சது நீங்க. நான் இல்ல.

இந்த வீட்டுல நான் மிளகு டப்பாவை இடது பக்கம் வச்சா அத்தை எடுத்து வலது பக்கம் வைப்பாங்க. வலது பக்கம் வச்சா மேல் தட்டுக்குப் போயிரும். கல்யாணம் ஆகி வந்ததுலருந்து நான் வச்ச இடத்துல வச்சது ஒண்ணும் இருந்ததில்ல. மன்றத்துல மட்டும்தான்க்கா நான் வச்சது வச்ச இடத்துல இருக்கும்.

அந்த மன்றத்துக்குள்ளயும் அத்தை வந்துட்டாங்க பாருங்க.

மாசி மாசக் கோயில் கொடைக்கு வந்த மதினி, அதான் என் வீட்டுக்காரரோட அக்கா, அத்தைக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்துட்டுப் போனாங்க. அத்தைக்கு எழுத்து வாசிக்க வரும், தட்ட வராது. "அதுக்கென்னம்மா, இந்த மைக்கை அமுக்கிட்டுப் பேசு, அதுவே எழுதிக்கும்"னு காட்டிக் குடுத்தாங்க. மன்றத்தையும் மதினிதான் போட்டுக் குடுத்தது. நான் அதுல இருக்கேன்னு மதினிக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. நான் போனை நோண்டுறேன்னு மட்டும் ஊருக்கே தெரியும்.

அதுக்கப்புறம் அத்தை பொழுது சாயும்போது பின்னாடி துவைக்கிற கல்லுல போய் உட்கார்ந்துக்கிடுவாங்க. போனை வாய்க்கிட்ட வச்சு, அப்பளத்தைக் கடிக்கப் போற மாதிரி பிடிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே இருப்பாங்க. மக கூடத்தான் பேசுறாங்கன்னு நெனைச்சேன். ஒரு நாள் அப்படித்தான், பால் பொங்கப் போச்சு. அத்தை அங்கேயிருந்தே கத்தினாங்க, நான் ஓடி வந்து அடுப்பைக் குறைச்சேன். குறைச்சிட்டு, பாப்பா விளையாடுதேன்னு போனை எடுத்தேன். "சமையல் சந்தேகங்கள்" பகுதியில புதுசா ஒரு தலைப்பு நிக்குது. "மருமகள் பேசமாட்டேங்கிறாள் என்ன செய்வது." போட்டவங்க பேர் மரிக்கொழுந்து.

இடம் மாறிப் போட்டிருக்காங்களே, "குடும்பம்" பகுதிக்கு நகர்த்துவோம்னு திறந்தேன். சமையல்லயா கேப்பாங்க இதைன்னு சிரிச்சுக்கிட்டேதான் திறந்தேன். வரி வரியா எனக்கு மனப்பாடம்க்கா, சொல்றேன் கேளுங்க. "எனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள் வேலையெல்லாம் செய்வாள் வாயைத் திறக்க மாட்டாள் எந்நேரமும் போன் என் மகனிடம் பேசுகிறாள் பிள்ளையிடம் பேசுகிறாள் என்னைக் கண்டால் ஊமை ஏ செண்பகா பால் பொங்குது பாரு அடுப்பைக் குறை குறைச்சியா அவள் மனசில் என்னதான் இருக்கிறது."

என்னக்கா சிரிக்கிறீங்க? சிரிங்க. அந்த மைக்குக்கு எது பதிவு, எது பால்னு தெரியுமா? கேட்டதையெல்லாம் எழுதிவச்சிருச்சு. நான் கரண்டியைக் கையில பிடிச்சபடியே நின்னேன். பால் பொங்கினது என் அடுப்புலதான்.

விதிப்படி என்ன செய்யணும்? நம்ம சொந்த விவகாரம் தலைப்பா வந்துச்சுன்னா, அதைத் தொடாம, வேற பொறுப்பாளர்கிட்ட ஒப்படைக்கணும். தெரியும். என்னன்னு சொல்லி ஒப்படைக்க? "அக்கா, அந்த மரிக்கொழுந்து என் மாமியார், அந்த ஊமை நான்தான்"னா? அதனால பேசாம குடும்பம் பகுதிக்கு நகர்த்திட்டு, அந்தப் பால் வரியை மட்டும் எடுத்துட்டேன். பேர் தெரியக் கூடாதுல்ல. அது விதிதான்.

பதில்கள் வந்துச்சு பாருங்க! மழைக்கு ஈசல் வர்ற மாதிரி. கனடாவுலருந்து ஒரு அம்மா, "முதலில் அந்தப் போனைப் பிடுங்கி வையுங்கள்"னு. அடுத்தவங்க, "பேசாதவள்தான் ஆபத்தானவள், அழுத்தக்காரி." இன்னொருத்தி, "தாய்வீட்டில் வளர்த்த வளர்ப்பு சரியில்லை." அந்த வளர்ப்புப் பதிவை நான் தூக்கிட்டேன். தனிமனிதத் தாக்குதல் கூடாதுன்னு விதி இருக்கு. மத்ததையெல்லாம் விட்டுட்டேன். அழுத்தக்காரியைக்கூட விட்டுட்டேன். எவ்வளவு நியாயமா நடந்திருக்கேன் பாருங்க. என்னைத் திட்டினதைப் பூட்டாம, நானே காவல் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நானும் எழுதினேன். சாரலா. ஏன், பொறுப்பாளர் எழுதக் கூடாதுன்னு இருக்கா? "அம்மா, நீங்கள் அந்தப் பெண்ணிடம் என்ன பேசினீர்கள்?"னு கேட்டேன். மறுநாள் பதில் வந்துச்சு. "என்ன பேச இதை எடு அதை வை என்று சொல்வேன்." நான் போட்டேன், "அது பேச்சா அம்மா?" அதுக்கு ரெண்டு நாள் சத்தமே இல்ல. துவைக்கிற கல்லுல சும்மா உட்கார்ந்திருக்கிறதை இந்த ஜன்னல் வழியாப் பார்த்தேன். அப்புறம் வந்துச்சு. "என் மாமியார் என்னிடம் அப்படித்தான் பேசினார் எனக்கு வேறு பேச்சு தெரியாது சாரல்."

அப்படியே வளர்ந்துச்சு. நான் உள்ளே அம்மிகிட்ட நிப்பேன், அவங்க வெளியே கல்லுல இருப்பாங்க. நடுவுல ஒரு சுவர். பேச்சு மட்டும் எங்கேயோ போய் சுத்திக்கிட்டு வரும். ஒரு நாள் சாப்பாட்டுல எங்க மூணு பேருக்கும் நடுவுல அத்தை சொல்றாங்க, "எலேய், அந்த மன்றத்துல சாரல்னு ஒரு பிள்ளை இருக்குடா. என்ன தன்மை! ஒரு வார்த்தை கேட்டா உட்கார வச்சு நாலு வார்த்தை சொல்லுது. பெத்தவங்க எப்படி வளர்த்திருப்பாங்க! இங்கேயும் ஒண்ணு இருக்கே, வாயில கொழுக்கட்டை." எங்க வீட்டுக்காரவுக சிரிச்சாங்க. லோடு வண்டி ஓட்டிட்டு வந்த களைப்புல என்ன சொன்னாலும் சிரிப்பாங்க. நான் ரசத்தை ஊத்துறேன். எனக்கு அந்தச் சாரல் மேலயே எரிச்சலா வந்துச்சுக்கா. யாருடி நீ, என் மாமியார்கிட்ட நல்ல பேர் வாங்குறவ?

பேசியிருக்கலாமேன்னு நீங்க கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. எப்படிப் பேச? "அத்தை, அந்தத் தன்மையான பிள்ளை நான்தான்"னு எந்திரிச்சு நிக்கவா? பேச வேண்டியது அவங்க. பெரியவங்க அவங்கதானே? நான் ஏன் முதல்ல பேசணும்? நான் சும்மாதான் இருந்தேன். நான் எப்பவும் சும்மாதான் இருப்பேன்.

கெட்டது ஒரு கத்தரிக்காய் வதக்கல்ல. அன்னைக்கு ஒரு வாய் வச்சுட்டு, "உப்புக் கடையைக் கவுத்தியா"ன்னாங்க. வழக்கம்போல நான் பேசல. தட்டை எடுத்து வச்சிட்டு வந்து போனைத் திறந்தா, மரிக்கொழுந்து எழுதியிருக்காங்க, இன்னைக்கு மனசு சரியில்லைன்னு. எனக்கு வந்துச்சே ஒரு கோபம். வேகமா அடிச்சேன். "அம்மா, கத்தரிக்காயில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் அளந்துதான் போட்டாள். காலையில் நீங்கள் சாப்பிட்ட மோர்மிளகாயின் உப்பு உங்கள் நாக்கில் இருக்கிறது." அனுப்பிட்டேன். அனுப்பின பிறகுதான் பொறி தட்டுது. கத்தரிக்காய்ங்கிற பேச்சையே அவங்க மன்றத்துல எடுக்கல. அடுக்களையில சொன்னதுக்கு நான் அங்க போய்ப் பதில் சொல்லியிருக்கேன்.

கல்லுலருந்து எந்திரிச்சு வந்தாங்க. நான் பாப்பாவைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். கேடயம் மாதிரி. போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாங்க.

"இதை எழுதினது யாரு?"

பாப்பா தலையைத் தடவிக்கிட்டே நின்னேன்.

"நீதானா அது?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"இத்தனை நாளும்? என்னைய வச்சு வேடிக்கை பார்த்தியாடி?"

வேடிக்கையாக்கா அது? நீங்களே சொல்லுங்க. என்னைப் பத்தி ஊர் உலகம் பூராக் கூட்டி வச்சுக் குறை சொன்னது அவங்க. வேடிக்கை பார்த்தது நானா?

"முழுசையும் அழிச்சிரு"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவங்க திரும்பினதும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தலைப்பைப் பூட்டினேன். காப்பகத்துல போட்டேன். போட்டது போட்டதுதான். இனி மரிக்கொழுந்தும் எழுத முடியாது, சாரலும் எழுத முடியாது. அத்தை சொல்லி மதினி உங்களுக்குப் புகார் எழுதினாங்களாமே, "உங்கள் பொறுப்பாளர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்"னு? எழுதட்டும். அவுககூட, "அழிச்சுத் தொலையேன், வீட்டுல நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கணும்"னாங்க. முடியாதுன்னு தலையை ஆட்டிட்டேன்.

அன்னையிலருந்து எங்கிட்ட நேரா ஒரு பேச்சில்ல. எல்லாம் பாப்பா வழியாத்தான். "பாப்பா, உங்கம்மாவைக் குளிக்கச் சொல்லு." ஒரு வயசுப் பிள்ளை அது, அதுக்கு என்ன தெரியும்? இதாவது பரவால்ல. வேணும்னே எப்படியெல்லாம் வெறுப்பேத்துறாங்க தெரியுமா? நேத்து நான் வச்ச குழம்பை ரெண்டாந்தரம் வாங்கி ஊத்திக்கிட்டாங்க. உப்பைப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது. நல்லாயிருக்கா இல்லையான்னு தெரியக் கூடாதாம் எனக்கு. காலையில எனக்கு முன்னாடியே எந்திரிச்சுக் காப்பியைப் போட்டு, டம்ளரை அடுப்புத் திண்டுல மூடி வச்சுட்டுப் போயிடுறாங்க. நான் போடுற காப்பி ஆகலைன்னு அர்த்தம். மிளகு டப்பா இப்ப நான் வச்ச இடத்துலயே கெடக்கு, தொடுறதில்ல. என் கை பட்டதைத் தொட மாட்டாங்களாம். அம்புட்டு வீம்பு. அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருது.

நீங்க ஏன்க்கா அப்படிப் பார்க்குறீங்க? நான் சொல்றதுல என்ன தப்பு?

சரி, உங்க பேச்சுக்கே வர்றேன். எழுதினவங்களே கேட்டா அழிக்கலாம், அதுவும் விதிதான்னு சொல்றீங்க. எழுதினவங்க யாரு? பாதி மரிக்கொழுந்து, பாதி சாரல். அந்தப் பாதி என்னோடது. நான் சம்மதிக்கல. நீங்க நெனைச்சா ஒரு அழுத்துல அழிச்சிரலாம், பெரிய சாவி உங்ககிட்ட இருக்கு. அழிங்க. அழிச்சா அன்னைக்கே சாரலும் போயிருவா. அப்புறம் தீபாவளி வரும், எல்லாரும் அதிரசம் ஏன் உதிருதுன்னு புதுசு புதுசாக் கேப்பாங்க, நீங்களே உட்கார்ந்து சேர்த்துக் கட்டுங்க. மிரட்டலைக்கா. நெசமாத்தான் சொல்றேன். இந்த வீட்டுல நான் எதுக்கும் நின்னதில்ல. இதுக்கு நிப்பேன்.

என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்னா... நீங்க கடைசி வரைக்கும் வாசிச்சீங்களா? முதல் பக்கத்தைப் பார்த்துட்டு வந்திருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான். கடைசிப் பக்கத்துல, கத்தரிக்காய்க்கு முன்னாடி, கனடா அம்மா மறுபடி வந்து கேட்டாங்க, "அந்தப் பெண்ணிடம் ஒரு நல்லதுகூடவா இல்லை?"ன்னு. அதுக்கு அத்தை எழுதினது இது. "புளிக்குழம்பு அவள் வைப்பது போல் எனக்கு வராது சொன்னால் தலைக்கு ஏறும் என்று சொல்வதில்லை எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது மத்தியானத்தில் வந்து காலைப் பிடித்துவிட்டாள் நான் சொல்லவில்லை அவளாகத்தான் வந்தாள் நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன் கண்ணைத் திறந்தால் கையை எடுத்துவிடுவாளே."

இதை அழிக்கச் சொல்றீங்க.

பொன்னு கேட்டேனா, பொருளு கேட்டேனா? எத்தனையோ ஊர்ல இருந்து பொம்பளைங்க பார்க்க, எழுத்துல, யாரும் ஒரு புள்ளி மாத்த முடியாத இடத்துல, என் மாமியார் என்னைப் பத்திச் சொன்னது. நாளைக்கு அவங்களே இல்லைன்னு சொன்னாலும் அது இருக்கும். மூஞ்சியைத் திருப்பட்டும், பாப்பாகிட்டப் பேசட்டும், டப்பாவைத் தொடாம இருக்கட்டும். நான் காப்பகத்தைத் திறந்து தெனமும் வாசிச்சுக்கிடுவேன். எனக்கு அது போதும். நேர்ல ஒண்ணும் வேண்டாம்.

போதுமான்னு கேக்குறீங்களா? போதும்னுதான் சொல்றேனே. திறந்து விடுறதா? பூட்டை எடுத்துட்டு மறுபடி எழுத விடுறதா? எதுக்கு? நான் எழுத இனி என்ன இருக்கு?

ஒண்ணு இருக்கு.

ஒரே ஒண்ணுதான். அவங்க எழுதினதுக்கு நான் பதில் போடல. போடறதுக்குள்ள கத்தரிக்காய் வந்துருச்சு. உங்ககிட்டச் சொல்றேன், நீங்க அங்க போய்ச் சொல்லிராதீங்க. அன்னைக்கு அவங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும்க்கா. தூங்குறவங்க கால் கனக்கும். இது கனக்கல. விரல் எல்லாம் விறைச்சு, பிடிக்கப் பிடிக்க நகர்த்திக் குடுத்துச்சு. முழிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சும் நான்...

என்ன? என்னையா? பாப்பாவைக் கூப்பிடுறாங்களா, என்னையத்தானா? என்னையத்தான் போலருக்கு. இந்தா வந்துட்டேன் அத்தை! கையெல்லாம் தொலி, கழுவிட்டு வர்றேன்! அக்கா, அந்தச் சட்டியை மட்டும் இப்படித் தள்ளுங்க, பூனை வரும். வந்து மிச்சத்தைச் சொல்றேன். கை கடுத்துப் போச்சு அன்னைக்கு, ஆனாலும் நான் எடுக்கல, ஏன்னா எடுத்துட்டா அவங்க கண்ணைத் திறந்துருவாங்களே...